மண்ணிற் கிடந்த சிற்றணிகள்

சரித்திரம் என்றவுடன் முடிமன்னரும் போர்க்களமுமே நம் மனக்கண்முன் தோன்றுவது இயல்பு. எனினும், நாள்தோறும் உழைத்துண்ட எளிய மாந்தரைப் பற்றி அறிய விழைவார்க்கு அரசர் சாசனங்கள் போதா. அன்னார் இடையிற் கட்டிய வாரின் பக்கிளும், ஆடையிற் செருகிய பதக்கமும் அக்குறையை ஒருவாறு நிரப்புகின்றன. இங்கிலாந்து தேசத்தில் அகப்படும் இடைக்கால உலோக அணிகளே இதற்குச் சான்றாம்.

அக்காலத்தார் இடைவாரிலே பணப்பையையும் கத்தியையும் தொங்கவிடுவர். வாரின் ஒருமுனையிற் பக்கிளும், மறுமுனை பிய்யாவண்ணம் ஓர் உலோக உறையும், இடையிடையே பூவுருவத் தகடுகளும் பொருத்தப்பட்டன. 1363ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கைத்தொழிலாளர் பொன்னணியும் வெள்ளியணியும் பூணலாகாதென விதித்தது. மண்ணினின்று கிடைத்த பக்கிள்களிற் சில, செம்புக் கலவையாற் செய்து வெள்ளீயம் பூசப்பட்டவை. வெள்ளி பெறாதாரும் வெள்ளியின் ஒளியை விரும்பினர் என்பதை இவை நமக்கு உணர்த்துகின்றன. 1170இல் கொலையுண்ட தாமஸ் பெக்கெட்டின் கல்லறையைத் தரிசிக்கக் காண்டர்பரிக்குச் சென்ற யாத்திரிகர், ஈயமும் வெள்ளீயமும் கலந்த மலிவான சின்னங்களை வாங்கி அணிந்து மீண்டனர். ஏழையின் பக்தியும் இவ்வாறு உலோகத்திற் பதிந்துள்ளது.

இவற்றைக் கண்டெடுப்போருட் பலர் புலவரல்லர். தேம்ஸ் நதியின் நீர் வற்றும் வேளையிற் சேற்றைத் துழாவுவோரும், உலோகங்காட்டுங் கருவியுடன் வயல்களில் உலவுவோருமே அவர். காற்றுப் புகாத ஆற்றுச்சேறு உலோகத்தைத் துருவினின்று பெரிதும் காக்கின்றது.

ஆயின், பொருளினும் அது கிடந்த இடமே பெரிது. லண்டன் நகரத்தார் ஆற்றங்கரையில் மரச்சுவர் எழுப்பி, அதன் பின்னே குப்பையைக் கொட்டி நிலத்தை விரித்தனர். அம்மரத்தின் ஆண்டு வளையங்களாற் சுவரின் காலம் புலனாகும்; அதுகொண்டு குப்பையிற் கிடந்த பக்கிளின் காலமும் துணியப்படும். இடங்குறியாது சந்தையில் விற்ற பக்கிளோ வாயற்ற ஊமையே.

1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், 300 ஆண்டுகட்கு மேற்பட்டனவும், பொன்னேனும் வெள்ளியேனும் நூற்றுக்குப் பத்துப் பங்கு உடையனவுமாகிய அணிகளை அறிவிக்க வேண்டுமென்கிறது. தனியே கிடைத்த செம்புக் கலவைப் பக்கிள் பெரும்பாலும் இவ்விதிக்கு அகப்படாது. ஆதலின், தாமாக முன்வருவோரின் பொருள்களைப் பதிந்துகொள்ள 1997இல் ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதிற் பதிவான பொருள்கள் பத்து லட்சத்தையும் கடந்துவிட்டன. கண்டவர் பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளினும், இடமும் உருவமும் எடையும் குறிக்கப்பட்டு அறிஞர்க்குப் பயன்படுகின்றன.

விலைபெறாப் பொருளையும் மெய்யுரைத்துப் பதிவிப்பது சட்டத்தின் வலியாலன்று, கண்டெடுத்தாரது நேர்மையாலேயே நிகழ்கின்றது. அவர் வாய்மூடின், பெயரறியா ஓர் ஏழைத் தொழிலாளி மீண்டும் ஒருமுறை மறக்கப்படுவான். கல்வி கற்கும் நாம் இதனை உளங்கொள்ளுதல் நன்று.