நெய்யூரில் தங்கிவிட்ட மலையேறி



கிழக்கேகோட்டையிலும் சுற்றிலும் வாழும் நம்மில் பலர் ஊருக்குப் போகும்போது இரணியல் ரயில் நிலையத்தைக் கடக்கிறோம். அதன் அருகில்தான் நெய்யூர். பழைய தெற்குத் திருவிதாங்கூரில் இருந்து 1956-இல் தமிழகத்தோடு இணைந்த ஊர். லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே 1838-இல் அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கினார். அந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னாளில் வந்த ஒருவரின் வாழ்க்கையே இன்றைய பாடம்.

டாக்டர் தியோடர் ஹோவர்டு சோமர்வெல் 1890-இல் இங்கிலாந்தின் கெண்டல் நகரில், காலணித் தொழிற்சாலை நடத்திய வசதியான குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரில், 1916-இல் சோம் போர்க்களத்தில் ராணுவ மருத்துவராக இருந்தார். காயம்பட்டோர் நூற்றுக்கணக்கில் தரையில் கிடந்தார்கள். ஆனாலும் தன்னை முதலில் கவனிக்கும்படி ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் காட்சி அவரைப் போருக்கு எதிரானவராக்கியது.

1922-இல் எவரெஸ்ட் ஏறச் சென்றார். ஜூன் 7 அன்று பனிச்சரிவில் சுமை தூக்கிய ஏழு பேர் மாண்டனர். வெள்ளையர் எல்லோரும் பிழைத்தனர். இது அவர் மனத்தை மிகவும் உறுத்தியது. பின்னர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூருக்கு வந்தார். நோயாளிகள் திரளாகக் காத்திருக்க, அறுவை சிகிச்சை செய்ய டாக்டர் ஒருவரே இருந்தார். லண்டனில் நல்ல பதவிக்கு வாய்ப்பிருந்தும், இங்கேயே பணிசெய்ய முடிவெடுத்தார்.

1924-இல் மீண்டும் எவரெஸ்ட் ஏறி, பிராணவாயுக் கருவி இல்லாமலே ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தை எட்டினார். தொண்டை அடைத்து மூச்சு முட்டியதால் சிகரத்தை அடையாமல் இறங்கினார். உலகம் அவரை மலையேறியாகக் கொண்டாடியது. அவரோ நெய்யூரிலும், பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் உழைத்து, 1961-இல்தான் தாயகம் திரும்பினார். 1975-இல் காலமானார். நம் மாவட்டத்துக் காரக்கோணம் மருத்துவக் கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நாம் கற்பது என்ன?

லூக்கா பத்தாம் அதிகாரத்தில், அடிபட்டுக் கிடந்தவனை மூன்று பேர் பார்க்கிறார்கள், ஒருவன்தான் நிற்கிறான். பார்ப்பது எல்லோருக்கும் பொது. நிற்பதற்குக் குணம் வேண்டும். நின்றபின் விட்டுவிடாமல் தொடர நோக்கம் வேண்டும். சோமர்வெல்லிடம் இரண்டும் இருந்தன.

ரயில் பாலத்துக்குப் புதுச் சாயம் அடித்தால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதன் பலம் பளு ஏறும்போதுதான் தெரியும். விசுவாசமும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அல்ல, திங்கட்கிழமை அலுவலகத்தில்தான் அது சோதிக்கப்படுகிறது.

பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள் நாம். பிள்ளைகள் நல்ல சம்பளம் பெற வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதுமில்லை. ஆனால், "எவ்வளவு கிடைக்கும்?" என்ற கேள்வியோடு, "யாருக்குப் பயன்படும்?" என்ற கேள்வியையும் வீட்டில் கேட்டுப் பழக்க வேண்டும். கிறிஸ்தவரல்லாத வாசகர்களுக்கும் இது பொருந்தும்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நாம் தினமும் பார்த்தும் நிற்காமல் கடந்துபோகும் துன்பம் எது?

2. நம் தொழில்திறனில் ஒரு பகுதியை, கூலி வாங்காமல் யாருக்குத் தரலாம்?

3. அதை இந்த மாதமே தொடங்கத் தடை என்ன?

மூன்றாம் கேள்விக்கு விடை எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் அந்தத் தடை நாம் நினைத்ததைவிடச் சிறியதாகவே இருக்கும்.