துருப்பிடித்த பிரேக் டிரம்: பாவித்ததைப் பார்த்து வாங்குவோம்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தின் பல தோட்டங்களில் மண் சரிந்தது. உயிரைக் காத்துக்கொள்ள வெளியேறிய பலர் வண்டியை நின்ற இடத்திலேயே விட்டுப் போனார்கள். இப்போது திரும்பி வரும் குடும்பங்களுக்கு, மழையிலும் சேற்றிலும் மாதக்கணக்கில் நின்ற முச்சக்கர வண்டியைத் திரும்ப ஓடவைப்பது பெரிய தேவை. நோயாளியைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் ஹயர் ஓடி நாலு காசு சேர்ப்பதும் அந்த வண்டியில்தான்.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதற்காக உடனே ஆட்களை ஏற்றாதீர்கள். மலைநாட்டில் ஏறுவதைவிட இறங்குவதே ஆபத்து. அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. வெல்லவாய சுமார் 200 மீற்றரில். அந்த இறக்கம் முழுவதும் உங்கள் குடும்பத்தைத் தாங்கிப் பிடிப்பது பிரேக். ஆகவே இந்தப் பாடம் பிரேக் டிரம்மைப் பற்றியது.

1. முதலில் கழற்றிப் பாருங்கள்

சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்றச் சில்லுகளுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவேண்டாம். டிரம் இறுகியிருந்தால் ஹாண்ட் பிரேக்கைத் தளர்த்திவிட்டுக் கழற்றுங்கள். ஓங்கி அடித்தால் டிரம் வெடிக்கும்.

உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். ஈரத் துணியால் துடைத்தெடுத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

2. மாற்றத்தான் வேண்டுமா?

டிரம்மின் உட்புறம் மேலாகச் செம்மண் நிறத்தில் படிந்த துரு என்றால், மணற்கடதாசியால் தேய்த்தால் போகும். அதற்குக் கீழே வழவழப்பான இரும்பு தெரிந்தால் டிரம்மை மாற்றத் தேவையில்லை. துரு தின்று குழி விழுந்திருந்தால், வெடிப்பு இருந்தால், ஷூ உரசும் இடம் ஆழமாகத் தேய்ந்து விளிம்பில் மேடு தட்டினால் மாற்றவேண்டும். வெடித்த டிரம்மை வெல்டிங் செய்து ஓட்டாதீர்கள்.

3. எதைப் பாவித்ததாக வாங்கலாம்?

டிரம் இரும்பு. அளவு சரியாக இருந்து வெடிப்பில்லை என்றால் பாவித்ததை வாங்கலாம், செலவு குறையும். ஆனால் பிரேக் ஷூ, வீல் சிலிண்டர், ரப்பர் வாஷர், பிரேக் ஹோஸ் ஆகியவற்றைப் புதிதாகவே வாங்குங்கள். ரப்பர் பழுதானது வெளியே தெரியாது. டிரம்மில் மிச்சம் பிடிக்கும் காசை இவற்றுக்குக் கொடுங்கள்.

பிரேக் ஒயிலையும் முழுவதும் மாற்றவேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது கொதிக்க 205 பாகை செல்சியஸாவது வேண்டும். ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கக்கூடும். நீண்ட இறக்கத்தில் டிரம் சூடாகி ஒயில் கொதித்தால், பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது.

4. பொருந்துமா என்று எப்படிப் பார்ப்பது?

“எல்லாம் ஒன்றுதான் அண்ணே, போடலாம்” என்று கடையில் சொன்னால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். டூ ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டி இறக்குமதி 2008இல் நிறுத்தப்பட்டது. ஆனாலும் பழைய டூ ஸ்ட்ரோக்கும் பின்னர் வந்த போர் ஸ்ட்ரோக்கும் இன்றும் பாதையில் ஓடுகின்றன. பெயர் ஒன்றாக இருந்தாலும் பாகம் ஒன்றாக இருக்காது.

கழற்றிய பழைய டிரம்மையும் வண்டிப் பதிவுச் சான்றிதழின் பிரதியையும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு டிரம்மையும் பக்கத்தில் வைத்து இவற்றைப் பாருங்கள்:

- முன் சில்லுக்கா, பின் சில்லுக்கா?
- நடுத்துளையும் பல்லும், போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும் ஒன்றா?
- ஆழம் ஒன்றா?
- உள்விட்டம் எவ்வளவு? கலிப்பரால் அளக்கச் சொல்லுங்கள். டிரம்மில் உச்ச அளவு பொறித்திருந்தால் அதைத் தாண்டியதை வாங்காதீர்கள்.
- பின் சில்லு இரண்டின் டிரம்களும் ஒரே உள்விட்டமா? வித்தியாசம் இருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

டிரம்மை நூலில் தொங்கவிட்டு இரும்பால் மெல்லத் தட்டுங்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது. ஒலி அடைத்துக் கேட்டால் வெடிப்பு இருக்கலாம்.

பதுளையில் கிடைக்காவிட்டால், கொழும்பில் பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன இடம். அங்கிருந்து எடுப்பித்தாலும் அளவுகளை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டு, பற்றுச்சீட்டு வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்ற பிரச்சினை வந்தால் உங்களுக்கு அந்தச் சீட்டுத்தான் துணை.

5. பூட்டியபின்

பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு பூட்டி, ஒயில் குழாயிலுள்ள காற்றை எடுக்கச் சொல்லுங்கள். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் காற்று இன்னும் இருக்கிறது.

முதலில் தோட்ட மைதானம் போன்ற சமதரையில், ஆளில்லாமல், மெதுவாக ஓட்டி நிறுத்துங்கள். பிறகு சிறிய இறக்கத்தில் பாருங்கள். சிறிது தூரம் ஓடியபின் சில்லுகளின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். ஒன்றில் மட்டும் சூடு அதிகமானால் ஷூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்லாம் சரியென்ற பிறகே பிள்ளைகளை ஏற்றுங்கள். பெரிய இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குங்கள். பிரேக்கை அழுத்தியபடியே வராதீர்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

- நம் வண்டியின் டிரம்மில் இருப்பது மேல் துருவா, குழி விழுந்த துருவா?
- கையிலுள்ள காசில் கட்டாயம் புதிதாக வாங்கவேண்டியவை எவை?
- வண்டி தயாராகும்வரை பிள்ளைகள் பாடசாலைக்குப் போக வேறு வழி என்ன?