சாப்பிட்ட இலை எங்கே போகுது?

இந்த மாதப் பாடத்தை ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். தப்பு என்னுடையதுதான்.

போன வருஷம் பங்குனி உத்திரத்துக்கு எங்கள் தாமான் கோயிலில் அன்னதானப் பொறுப்பை இளைஞர்களிடம் கொடுத்தார்கள். இலை வாங்கும் வேலை எனக்கு. வாழை இலை விலை அதிகம், ஒவ்வொன்றாகத் துடைக்கணும், கிழிஞ்சும் போகும். அதனால் இலை மாதிரியே பச்சையாக அச்சடித்த காகித இலை 400 வாங்கிட்டேன். பந்தி முடிந்ததும் மிச்சச் சோற்றோடு சுருட்டி, கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் கட்டி வாசலில் வைத்தோம். 14 பை.

என் பாட்டி ஒரு இலையை எடுத்துத் தடவிப் பார்த்துட்டு, "ஏன்யா, இதை மாடு திங்குமா?" என்று கேட்டாங்க. நான் சிரிச்சுட்டேன். தாமானில் மாடு ஏது?

ஆனால் கேள்வி மனசுல நின்னுடுச்சு. பாட்டி பால்மரத் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவங்க. அங்கே கல்யாணப் பந்தி முடிந்தால் இலை மாட்டுக்குப் போகும். சாணி லயத்துக்குப் பின்னால் இருக்கும் கத்தரி, முருங்கைக்குப் போகும். அடுத்த பந்தியின் சாம்பாரில் அதே கத்தரிக்காய் விழும். இதற்கு யாரும் 'சுற்றுச்சூழல்' என்று பெயர் வைக்கவில்லை.

தைத்திரீய உபநிடதத்தில் பிருகு தவம் செய்து, பிரம்மம் எது என்று தேடுகிறார். அவர் முதலில் கண்டடைவது அன்னத்தை. வகுப்பில் இதைப் படித்தபோது தலையாட்டினேன். 14 பை கட்டும்போது அது ஞாபகத்துக்கே வரலை.

காகித இலையில் சாம்பார் ஊறாமல் இருக்க, மேலே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும். காகிதம் மக்கினாலும் பூச்சு மக்காது. துண்டு துண்டாகி மண்ணிலேயே கிடக்கும். சரி, வாழை இலை வாங்கியிருந்தால் நான் தப்பித்திருப்பேனா? இல்லை. வாழை இலையையும் சோற்றையும் குப்பை மேட்டில் புதைத்தால், காற்று இல்லாமல் அழுகி மீத்தேன் வரும். 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இலை மட்டும் மரபு இல்லை. அது மண்ணுக்குத் திரும்பிப் போற வழியும் சேர்ந்ததுதான் மரபு. நாம் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

மாடு இல்லாததால் எரு தயாரிக்கலாம்னு கிளம்பினோம். கோயில் தலைவர் ஐயா பின்பக்கம் கொஞ்சம் இடம் கொடுத்தார். நான் படிப்பது இயந்திரப் பொறியியல். மண்ணைப் பற்றி பாடத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. வெள்ளிக்கிழமை பிரசாத மிச்சம், இலை எல்லாத்தையும் ஒரு தொட்டியில் கொட்டி மூடினேன். நாலாவது நாள் நாற்றம் மூலஸ்தானம் வரைக்கும் போனது. அர்ச்சகர் ஒண்ணும் சொல்லலை, பார்த்தார், அவ்வளவுதான்.

காரணம் எளிது. சோறு, பருப்பு, காய்கறியில் ஈரமும் தழைச்சத்தும் அதிகம். எரு சரியாக மக்க, தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வேணும். அந்தக் கரிச்சத்து காய்ந்த சருகில் இருக்கு. இப்போ ஒரு வாளி மிச்சத்துக்கு மூணு வாளி சருகு போடுறோம். ரசம், மோரை வடித்துவிடுகிறோம். உப்பும் எண்ணெயும் அதிகமானால் செடிக்கு ஆகாது. வாழை இலையை நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். வாரம் ஒருமுறை கிளறினால் காற்று போகும், நடுவில் கை வைக்க முடியாத அளவு சூடு ஏறும். நம்ம ஊர் மழைக்கு மேலே கூரை கட்டாயம்.

ஒருநாள் தொட்டி முழுக்கப் புழு. தம்பி ஒருத்தன் அலறிட்டான். அவை பிளாக் சோல்ஜர் ஃப்ளை என்ற ஈயின் புழுக்கள். வீட்டு ஈ மாதிரி சோற்றில் வந்து மொய்க்காது, மிச்சத்தைத் தின்று நமக்கு உதவி செய்யும். விட்டுட்டோம்.

மூணு மாசத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு எரு கிடைத்தது. பின்பக்கம் நட்ட ஆறு வாழைக்கன்றுக்கும் போட்டோம். இந்த வருஷ உத்திரத்துக்கு அதிலிருந்து 40 இலைதான் அறுக்க முடிந்தது. மீதியைச் சந்தையில் வாங்கினோம். கறுப்புப் பை மூணு. அதிலும் பாதி, நாம் அளவு தெரியாமல் பரிமாறிய சோறு. அடுத்த முறை முதலில் கொஞ்சமாக வைத்து, கேட்டுக் கேட்டுப் போடலாம்னு அக்காமார்களிடம் பேசியிருக்கோம்.

பழைய காகித இலையில் இரண்டு கட்டு இன்னும் ஸ்டோர் அறையில் இருக்கு. பாட்டி கோயிலுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்ப்பாங்க.