புகையிலையும் இல்லற வன்முறையும்: கள ஆய்வில் கவனிக்க வேண்டியவை

துணைவன்மீது வன்முறை புரிந்ததற்காகக் கைதாகி, நீதிமன்ற ஆணையின்படி சீர்திருத்த வகுப்புகளுக்கு அனுப்பப்பட்ட பெண்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆராய்ந்துள்ளனர். அவர்களுள் சிகரெட் புகைப்போர், அந்நாட்டின் ஏனைய பெண்களிடையே இருப்பதைவிட மிகுதி எனத் தெரியவந்தது. இதனால் சிகரெட்டே வன்முறையை விளைவிக்கின்றது என்று முடிவு கட்டலாகாது. கபினியில் வெள்ளம் பெருகும் நாட்களில் நஞ்சன்கூட்டுக் கடைவீதியில் குடைகள் மிகுதியாகத் தென்படும். குடை வெள்ளத்தை வருவிப்பதில்லை. இரண்டிற்கும் மழையே காரணம். அவ்வாறே, ஆராயப்பட்ட பெண்கள் பலரிடம் மதுப்பழக்கமும் மனத்துயரும் காணப்பட்டன. பலர் தாமும் அடிபட்டவர்கள். தற்காப்புக்காகவே தாக்கியதாகக் கூறியோரும் உளர்.

எனினும் நிகோடினுக்குச் சிறிது பங்கு இருத்தல் கூடும். இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். அப்போது பழகிய உடலில் எரிச்சலும் அமைதியின்மையும் தோன்றும். பழக்கத்தை விட்டோர்க்கு இவை முதல் சில நாட்களில் கடுமையாகி, பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் தணியும்.

மேற்கூறிய ஆய்வின் வினாவை நஞ்சன்கூடு வட்டத்தில் அப்படியே கேட்டல் பயன்தராது. 2016-17ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இந்தியப் பெண்களுள் புகைப்போர் 100க்கு 2 பேரே. புகையற்ற புகையிலையைப் பயன்படுத்துவோர் ஏறக்குறைய 13 பேர். தமிழில் புகையிலை, கன்னடத்தில் ஹொகெ ஸொப்பு என இரு பெயரிலும் புகை உண்டு. ஆயினும் வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் பெண்ணும் அதே நிகோடினைப் பெறுகின்றாள். "சிகரெட் பிடிப்பதுண்டா?" என்று மட்டும் கேட்பவர் இவளைத் தவறவிடுவார்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 18 முதல் 49 வயதுடைய மணமான பெண்களுள் 100க்கு 44 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். ஆகவே கை ஓங்கிய பெண்ணைக் கண்டவிடத்து, அவள் அடிபட்டவளா என்பதையும் விசாரித்தல் கடமையாகும்.

கள ஊழியர் கைக்கொள்ள வேண்டியவை:

1. புகைத்தல், மெல்லுதல், பொடி போடுதல் ஆகியவற்றைத் தனித்தனியே வினவுக.
2. கணவனோ மாமியாரோ அருகிருக்கையில் வன்முறை குறித்து வினவற்க. அவ்வினாவே அவளுக்குத் தீங்காய் முடியலாம்.
3. ஆபத்திலுள்ளவர்க்கு 181 என்னும் தொலைபேசி எண்ணையும், 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி நியமிக்கப்பட்ட பாதுகாப்பு அலுவலரையும் தெரிவிக்க.
4. புகையிலையை விட விரும்புவோர்க்கு 1800-11-2356 என்னும் எண்ணைக் கூறுக.

பயிற்சி வினா: ஒருங்கே காணப்பட்டும் காரண காரியத் தொடர்பு இல்லாத இரு நிகழ்ச்சிகளை மாணவர் தம் ஊரிலிருந்து எடுத்துக்காட்டுக.