லூகேமியா நோயாளியின் காய்ச்சலும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையும்

லூகேமியா என்னும் இரத்தப் புற்றுநோயினால் இறப்பவர்களுள் பலர், நேராகக் கிருமித் தொற்றினாலேயே உயிரிழக்கின்றனர். அமெரிக்காவில் பெதஸ்டா நகரிலுள்ள தேசியப் புற்றுநோய் நிலையத்தில், 1954 முதல் 1963 வரை கடும் லூகேமியாவினால் இறந்த 414 நோயாளிகளின் மரண காரணங்களை ஆராய்ந்தபோது, கிருமித் தொற்றும் இரத்தப் பெருக்குமே முதன்மையானவை எனத் தெரிய வந்தது. இவ்விரண்டனுள் தொற்றைப் பற்றியே இப்பாடம் கூறுகின்றது. சிகிச்சையின் இடையே ஊர் திரும்பும் நோயாளியை முதலிற் காண்பவர் பெரும்பாலும் சுகாதார ஊழியரோ பள்ளி ஆசிரியரோ ஆவர். ஆதலின், இதனை அவர்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

1. காவல் புரியும் அணுக்கள்

ருஷ்ய விஞ்ஞானி மெச்னிகாப், 1882ஆம் ஆண்டில் மெசினா நகரில் தங்கியிருந்தபோது, நட்சத்திர மீனின் இளம்புழுவின் உடலில் ஒரு சிறு முள்ளைச் செருகினார். மறுநாட் காலையில் இடம்பெயரும் அணுக்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்திருக்கக் கண்டார். உடலினுட் புகும் அந்நியப் பொருள்களை விழுங்கி அழிக்கும் அணுக்கள் உள்ளன என்னும் கொள்கை இதனின்று வளர்ந்தது. இவ்வாராய்ச்சிக்காக 1908இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

மனித இரத்தத்தில் இத்தொழிலை முன்னின்று நடத்துவன நியூட்ரோபில் எனப்படும் வெள்ளணுக்கள். எலும்பு மஜ்ஜை நாள்தோறும் ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உண்டாக்குகின்றது. இவற்றின் ஆயுள் மிகக் குறுகியது. எனவே உற்பத்தி சில நாட்கள் தடைப்பட்டாலும் இரத்தத்தில் இவற்றின் எண்ணிக்கை விரைவில் குறைந்துவிடும். புண்ணில் நாம் காணும் சீழ் பெரும்பாலும் போரில் மடிந்த இவ்வணுக்களின் திரளே.

2. எண்ணிக்கை மிகுந்தும் காவல் இன்மை

லூகேமியாவில் முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள் மஜ்ஜையை நிரப்பிவிடுகின்றன. அவை கிருமிகளை அழிக்கும் திறனற்றவை. நல்ல அணுக்கள் வளர இடமின்றிக் குறைகின்றன. நோயை அழிக்கக் கொடுக்கப்படும் மருந்துகளும், வளர்ந்துவரும் நல்ல அணுக்களைச் சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ ஒடுக்குகின்றன. அம்மருந்துகள் வாயிலும் குடலிலும் உள்ள மென்தோலையும் புண்படுத்துவதால், குடலில் இயல்பாக வாழும் கிருமிகளே இரத்தத்தினுட் புகுந்துவிடுகின்றன.

ஆகவே வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது ஏமாற்றம் தரும். மொத்த எண்ணிக்கையை நியூட்ரோபில் சதவீதத்தாற் பெருக்கி, 100ஆல் வகுத்தல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் வெள்ளணுக்கள் 40,000 இருந்து, நியூட்ரோபில் 1 சதவீதமே இருப்பின், காவலணுக்கள் 400 மட்டுமே. இத்தகைய நோயாளி பெரும் அபாயத்தில் உள்ளவர். உடல்நலமுள்ள பெரியவருக்கு இவை ஏறத்தாழ 2,000 முதல் 7,000 வரை இருக்கும்.

3. எண்ணிக்கையும் உயிர் பிழைத்தலும்

கெரால்டு போடி என்ற மருத்துவரும் அவருடைய துணைவர்களும் கடும் லூகேமியா நோயாளிகள் 52 பேரைத் தொடர்ந்து கவனித்து, 1966இல் முடிவுகளை வெளியிட்டனர். காவலணுக்கள் 1,000க்குக் கீழே இறங்க இறங்கத் தொற்று மிகுந்தது. 100க்கும் குறைந்தபோது அது உச்ச நிலையை அடைந்தது. குறைவு நீடித்த நாட்கள் கூடக்கூட அபாயமும் கூடிற்று. எண்ணிக்கை 100க்குக் கீழிருந்து, முதல் வாரத்தில் மாறாமலே நின்றபோது, தொற்றுகளுள் 80 சதவீதம் மரணத்தில் முடிந்தன. 1,000க்குக் கீழிருந்து பின்னர் 1,000ஐத் தாண்டி உயர்ந்தபோது, 27 சதவீதமே அவ்வாறு முடிந்தன. மருந்து எதுவாயினும், மஜ்ஜை மீண்டெழுதலே நோயாளிக்குப் பெருந்துணை என்பது இதனாற் புலனாகும்.

இக்கணக்கு அக்காலத்து மருந்துகளை ஒட்டியது. இன்று நிலைமை பெரிதும் திருந்தியுள்ளது. முன்பு கிருமியின் இனம் சோதனைக் கூடத்தில் தெரியும்வரை காத்திருந்தனர். அதற்குள் பல நோயாளிகள் மாண்டனர். காய்ச்சல் கண்டவுடனே நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைத் தொடங்கும் முறையின் பயனை, 1971இல் பால்டிமோர் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். நியூட்ரோபில் உற்பத்தியைத் தூண்டும் புரத மருந்து 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

4. காய்ச்சல் ஒன்றே அறிகுறி

இப்பாடத்தின் முக்கியப் பகுதி இதுவே. காவலணுக்கள் இல்லாதவிடத்துச் சீழ் உண்டாகாது. வீக்கமும் சிவப்பும் குறைவாகவே இருக்கும். நுரையீரலில் தொற்று இருந்தும் எக்ஸ்ரே படத்தில் அது தோன்றாதிருக்கலாம். புண்ணைப் பார்த்து, “சீழ் இல்லை, அஞ்ச வேண்டுவதில்லை” என்று கூறுதல் பெரும்பிழை. பல வேளைகளில் காய்ச்சல் ஒன்றே வெளியில் தெரியும் அறிகுறி. ஒரு முறை 101 டிகிரி பாரன்ஹீட் காணப்பட்டாலும், 100.4 டிகிரி ஒரு மணி நேரம் நீடித்தாலும், அதனை அவசர நிலையாகவே கொள்ளல் வேண்டும். காய்ச்சலின்றியே உடல் குளிர்ந்து, நாடி விரைந்து, மயக்கம் கண்டாலும் அவ்வாறே.

ஊழியர் செய்ய வேண்டுவன:

மலேரியாச் சோதனையின் முடிவுக்காகவோ மறுநாளுக்காகவோ காத்திராமல், நோயாளியை உடனே மருத்துவமனைக்கு அனுப்புக. மருத்துவமனை சேர்ந்த ஒரு மணி நேரத்திற்குள் ஊசி வழி மருந்து தொடங்கப்பெறுதல் நலம்.

சிகிச்சைக் குறிப்பேட்டை உடன் கொடுத்தனுப்புக. கடைசியாகப் புற்றுநோய் மருந்து பெற்ற நாளைத் தெரிவிக்க.

வெப்பத்தை அளக்குமுன் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அறிகுறியை மறைத்தல் ஆகாது.

ஆசனவாய் வழியே வெப்பமானியோ எனிமாவோ செலுத்தலாகாது.

ஆசிரியர் செய்ய வேண்டுவன:

வகுப்பில் எவருக்கேனும் சின்னம்மையோ தட்டம்மையோ கண்டால், சிகிச்சை பெறும் மாணவனின் பெற்றோருக்கு அன்றே அறிவிக்க. மாணவனுக்குக் காய்ச்சல் கண்டால் பள்ளி முடியும்வரை அவனைப் படுக்க வைத்துக் காத்திராமல், உடனே பெற்றோரை அழைக்க. இந்நோய் பிறருக்குத் தொற்றுவதன்று. ஆதலின் அவனை ஒதுக்கி அமர்த்தல் தகாது.

பயிற்சி வினாக்கள்

1. வெள்ளணுக்கள் மொத்தம் 1,500. நியூட்ரோபில் 20 சதவீதம். காவலணுக்கள் எத்தனை?

2. அந்நோயாளிக்கு மாலை 6 மணிக்கு 101 டிகிரி காய்ச்சல். உடலில் வேறு குறை காணவில்லை. காலைவரை பொறுக்கலாமா? காரணத்துடன் விடை தருக.