கோதுமை ஆகாத பிள்ளையும் அதன் வீட்டு அடுப்பங்கரையும்



"அந்தச் சிறுமிக்கு மருந்து வாங்கி அனுப்பலாமா?" என்று உங்களில் சிலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். அனுப்புவதற்கு மருந்து இல்லை என்பதே பதில். இந்த வியாதியை ஆற்றும் மாத்திரை இன்றுவரை கடைக்கு வரவில்லை. சிகிச்சை முழுவதும் வீட்டு அடுப்பங்கரையில்தான் நடக்கிறது. அது எப்படி என்பதையே இம்மாதப் பாடமாக எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்ல; பஞ்சாபில் ஒரு மிஷன் மருத்துவமனையில் உணவு ஆலோசகராக வேலை செய்யும் தமிழ்ப் பெண்.

வியாதியின் பெயர் சீலியாக். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. பரோட்டா மாவை வீசும்போது அது கிழியாமல் விரிகிறதல்லவா, அந்த இழுவையைக் கொடுப்பது இதுதான். நம்மில் பெரும்பாலோருக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் பிறவியிலேயே அதற்கான மரபுக்கூறு உள்ள சிலருடைய சரீரம், குளூட்டன் உள்ளே போனதும் தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. குடலின் உட்சுவரில் விரல் விரலாக நிற்கும் நுண்ணிய உறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடுகின்றன. பிறகு எவ்வளவு நல்ல ஆகாரம் கொடுத்தாலும் சத்து உடம்பில் ஒட்டாது. வயிறு உப்பும், பேதியாகும், இரத்தம் குறையும், பிள்ளை வளராது. சில பிள்ளைகளுக்குப் பேதியே இராது. உயரம் மட்டும் நின்றுபோயிருக்கும்.

காரணம் தெரிய வெகுகாலம் ஆயிற்று. 1888-ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இவ்வியாதியை விவரித்து, இது குணமாவதானால் ஆகாரத்தினால்தான் குணமாகும் என்று எழுதினார். எந்த ஆகாரம் என்பது அவருக்குப் பிடிபடவில்லை. நெதர்லாந்தின் ஹேக் நகரில் பிள்ளைகளுக்கு வைத்தியம் செய்த டாக்டர் வில்லெம் டிக்கேவுக்குக் கோதுமையின்மேல் போருக்கு முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அந்நாட்டில் பெரும் பஞ்சம். ரொட்டி அரிதான அந்நாட்களில் ஊரெல்லாம் மெலிய, இந்தப் பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியபோது நோயும் திரும்பியது. 1950-ல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார்.

"எங்கள் ஊரில் இதைக் கேள்விப்பட்டதில்லையே" என்பீர்கள். 2016-ல் வெளியான ஓர் ஆய்வில் வட இந்தியா, அசாம், வேலூர்ப் பகுதி ஆகிய மூன்று இடங்களில் மக்களைப் பரிசோதித்தார்கள். மரபுக்கூறு மூன்று இடத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் நோயைக் காட்டும் இரத்தக்குறி வடக்கே 1000 பேரில் சுமார் 12 பேருக்கு, வேலூர்ப் பகுதியில் ஒருவருக்கே. வடக்கே ஒருவர் ஒரு நாளில் உண்ட கோதுமை 455 கிராம். வேலூரில் 25 கிராம். இட்லியும் சோறும் நம்மை எதிலிருந்து மறைத்து வைத்திருந்தன பாருங்கள். இராத்திரிக்குச் சப்பாத்தி, மாலையில் பிஸ்கட் என்று நாம் மாறிவரும்போது இதையும் நினைவில் வைப்பது நல்லது.

இனி அச்சிறுமியின் வீட்டிற்கு வருவோம். எங்களிடம் வந்தபோது அவளுக்கு வயது 6, எடை 12 கிலோ. இரத்தப் பரிசோதனையும், குடலில் எடுத்த துணுக்கின் பரிசோதனையும் நோயை உறுதி செய்தன. (பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் நோய் ஒளிந்துகொள்ளும். மருத்துவருக்கு எதுவும் தெரியாது.) தகப்பன் வயல் கூலி. ரேஷனில் கிடைப்பது கோதுமை. அறுவடைக் காலத்தில் கூலியில் ஒரு பங்கும் கோதுமை. வீட்டில் இலவசமாக வருகிற ஒரே தானியம் பிள்ளைக்கு விஷம்; ஆகிற அரிசியையும் சோளத்தையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்டு விற்கும் மாவுப் பொட்டலங்களை நான் அவர்களுக்குச் சொல்லவே இல்லை. கூலியாக வந்த கோதுமையில் ஒரு பகுதியை விற்று மக்காச்சோளம் வாங்கினார்கள்.

வீடு முழுவதும் கோதுமையை விட்டுவிடுவதே உத்தமம் என்று புத்தகங்கள் சொல்லும். வசதியுள்ளவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். இந்த வீட்டில் அப்படிச் சொன்னால் மற்ற நான்கு பேரும் பட்டினி. ஆகவே ஓர் ஒழுங்கு செய்தோம். காலையில் பிள்ளையின் சமையல் முதலில் முடியும். அதன்பின்தான் கோதுமை மாவு டப்பாவைத் திறக்கலாம், ஏனென்றால் மாவுத் தூசி பறந்து விழும். தோசைக்கல் தனி. மரப் பலகையும் குழவியும் எவ்வளவு கழுவினாலும் மாவைப் பிடித்துக்கொள்ளும், அவையும் தனி. சல்லடையைச் சுத்தம் செய்ய வழியே இல்லை, புதிதுதான் வாங்க வேண்டும். நெய்யும் ஊறுகாயும் அவளுக்கென்று சிறு பாட்டிலில், சிவப்பு நூல் கட்டி. ரொட்டி தொட்ட விரலோ கரண்டியோ அதில் படக் கூடாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? 30 கிராம் மாவில் செய்த ஒரு ரொட்டியில் 2 முதல் 3 கிராம் குளூட்டன் இருக்கும். தினமும் 50 மில்லிகிராம் போனாலே சிலருக்குக் குடல் கெடுகிறது என்று 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அதாவது ரொட்டியில் ஐம்பதில் ஒரு பங்கு, ஒரு பொடித் துணுக்கு. "ஒரு வாய்தானே" என்று பாட்டி பாசத்தோடு ஊட்டுவது எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள். பாட்டியின் மனமும் எனக்குப் புரிந்தது. வாழ்நாளெல்லாம் பிறர் வயலில் கோதுமை அறுத்தவர், பேத்தியின் தட்டில் ரொட்டி இல்லாததைப் பார்க்கச் சகிக்கவில்லை. "பீஜி, மக்காச்சோள ரொட்டி தட்ட உங்கள் மருமகளுக்குக் கை வரவில்லையே" என்றேன். உண்மையும் அதுதான். அதில் இழுவை கிடையாது; வெந்நீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டினால்தான் உடையாமல் வரும். அன்றிலிருந்து பிள்ளையின் ரொட்டி அவர் பொறுப்பு.

சில வாரங்களில் பசி வந்தது, பேதி நின்றது. ஆனால் ஒரு வருஷம் கழிந்தும் இரத்தக்குறி எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. தாய் அழுதாள். தான் எதையும் மறைக்கவில்லை என்றாள். அடுப்பங்கரையில் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு குற்றவாளிகள் அகப்பட்டன. ஒன்று, மாவு மில். சோளத்தைச் சுத்தமாகத்தான் கொண்டுபோனார்கள். ஆனால் அதே கல்லில் சற்றுமுன் கோதுமை அரைத்திருப்பார்கள். மற்றொன்று, சொல்ல வெட்கமாயிருக்கிறது, நான் கொடுத்தது. நம் ஊர்ச் சாம்பாரும் ரசமும் ஆபத்தில்லாதவை என்று பெருமையாகக் கற்றுக்கொடுத்து, ஒரு டப்பா கூட்டுப் பெருங்காயமும் கொடுத்திருந்தேன். தூய பெருங்காயம் மிகவும் காரமானது என்பதால் அதை மாவோடு கலந்தே விற்கிறார்கள். பல தயாரிப்புகளில் அந்த மாவு மைதா. டப்பாவில் சிறு எழுத்தில் அச்சிட்டும் இருந்தது. நான் படிக்கவில்லை. எதனால் எவ்வளவு கெடுதல் என்று பிரித்துச் சொல்ல இயலாது. நான் அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். பருப்பு உடைக்க வைத்திருந்த பாட்டியின் பழைய திரிகை பரணிலிருந்து இறங்கியது. இப்போது சோளம் வீட்டிலேயே அரைபடுகிறது. ஆறு மாதத்தில் இரத்தக்குறி நன்றாக இறங்கிவிட்டது. எடை 17 கிலோ.

சபையிலும் இது ஒரு காரியம். அவள் வளர்ந்து திருவிருந்தில் பங்குபெறும்போது கோதுமை அப்பம் ஒரு துண்டுகூட ஆகாது. அப்பத்தைத் தோய்த்து எடுத்த பாத்திரத்திலிருந்து பருகவும் கூடாது. அவர்களுடைய போதகர் அரிசி அப்பத்தைத் தனித் தட்டில் மூடி வைத்து, முதலில் அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று இப்போதே சொல்லியிருக்கிறார். ரோமன் கத்தோலிக்க சபையில் கோதுமை இல்லாத அப்பம் அனுமதியில்லை. குளூட்டன் மிகவும் குறைத்த அப்பமோ, இரசம் மட்டுமோ பெறலாம். உங்கள் சபையில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் பெற்றோர் கேட்கக் கூச்சப்படுவார்கள். நீங்களே முந்திக் கேளுங்கள்.

உடன்பிறந்தவர்களில் பத்தில் ஒருவர்வரை இந்நோய் காணப்படுவதால் தம்பியையும் பரிசோதித்தோம். சரியாக இருந்தது, ஆனாலும் பின்னொரு முறை பார்க்க வேண்டும். சென்ற கிறிஸ்துமஸுக்கு உங்களிடமிருந்து வந்த பலகாரப் பெட்டியில் முறுக்கு இருந்தது. அவள் ஒன்றைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தாள். அரிசி மாவுதான், ஆனால் எந்த மில்லில் அரைத்ததோ, பெருங்காயம் போட்டதோ, எனக்குத் தெரியவில்லை. தம்பியிடம் கொடுத்துவிட்டாள். இவ்வருஷம் அனுப்புகிறவர்கள் ஒவ்வொரு பொட்டலத்தின்மேலும் என்னென்ன சேர்த்தீர்கள், மாவு எங்கே அரைத்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். வீட்டில் வெல்லமும் எள்ளும் மட்டும் சேர்த்துத் தனிப் பாத்திரத்தில் பிடித்த எள்ளுருண்டை என்றால் இன்னும் நல்லது. அதை அவளுக்கு நான் என் கையாலேயே கொடுப்பேன்.