புயலைத் துரத்தலாமா?

கேள்வி: செஞ்சியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், ஐயா. அமெரிக்காவில் காரை எடுத்துக்கொண்டு சூறாவளி பின்னாலேயே ஓடிப் படம்பிடிக்கிறார்களே, அந்த வீடியோக்களை ஒன்று விடாமல் பார்ப்பேன். என்னைப் போன்ற ஆர்வலர்களுக்காகத் தமிழில் ஒரு யூடியூப் சேனல் தொடங்க நானும் இரண்டு நண்பர்களும் முடிவு செய்திருக்கிறோம். அடுத்த புயலுக்கு மரக்காணம் கடற்கரை வரை பைக்கில் போய் லைவ் போடுவது, செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை உச்சியில் நின்று மின்னலை எடுப்பது என்று திட்டம். வீட்டில் திட்டுகிறார்கள். எப்படித் தொடங்கலாம்? சட்டச் சிக்கல் வருமா? வருமானம் உண்டா?

- வாசகர், செஞ்சி

பதில்: சேனலைத் தொடங்குங்கள், தம்பி. மரக்காணத்தையும் ராஜகிரி உச்சியையும் விட்டுவிடுங்கள். வீட்டில் திட்டுவது அந்த இரண்டுக்காகத்தான் என்றால் நானும் அவர்கள் கட்சி.

நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை ஓக்லஹோமா, கான்சாஸ் சமவெளியில் எடுத்தவை. அங்கே வரும் டொர்னாடோ என்ற சுழல்காற்று பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலத்துக்குள்தான். தூர நின்றால் அடி முதல் முடி வரை ஒரே சட்டத்துக்குள் அடங்கும். தப்பி ஓட நேர்நேராகச் சாலைகள். அப்படிப்பட்ட இடத்திலேயே 2013 மே 31 அன்று எல் ரீனோவில் டிம் சமராஸ், அவர் மகன் பால், கூட்டாளி கார்ல் யங் மூவரும் காரோடு சிக்கி இறந்தார்கள். சமராஸ் விளம்பரத்துக்கு ஓடியவர் அல்ல. டொர்னாடோவின் பாதையில் கருவி வைத்து அளந்த ஆய்வாளர். அன்றைய சுழல் நான்கு கிலோமீட்டருக்கும் மேல் அகன்று திசையும் மாறியது. அனுபவம் கைகொடுக்கவில்லை.

நம் வங்கக் கடல் புயல் வேறு ரகம். பல நூறு கிலோமீட்டர் பரந்து வருவதால், அதற்குள் நிற்பவர் கண்ணுக்கு உருவம் என்று ஒன்றுமே தெரியாது. உங்கள் கடற்கரைக்கு வருபவை இருட்டில் வருவதும் வழக்கமாகிவிட்டது. 2020-இல் நிவர், 2022-இல் மாண்டஸ், 2024-இல் ஃபெஞ்சல், மூன்றுமே இரவில்தான் கரையைக் கடந்தன. ஊரே கரண்ட் இல்லாமல் கிடக்கும், லென்ஸ் மேல் தண்ணீர் வழியும், மைக்கில் காற்றின் இரைச்சல் தவிர வேறெதுவும் விழாது. உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவரும் படம் இதுதான்.

ஃபெஞ்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அது பெரிய புயல் அல்ல. நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையேறியதும் பல மணி நேரம் அங்கேயே நகராமல் நின்றதுதான் வினை. உங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. ஒரு நாளில் 20 செ.மீ.யைத் தாண்டினாலே வானிலைக்காரர்கள் அதி கனமழை என்பார்கள். மறுநாள் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் புதைந்தார்கள். டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்க வேண்டியதாயிற்று. தென்பெண்ணைக் கரையில் ஊர் ஊராகத் தண்ணீர் புகுந்தது. கடற்கரை கேமராக்கள் கடையைக் கட்டிக்கொண்டு திரும்பிய பிறகு, உள்நாட்டில் நடந்தவை இவை. மரக்காணத்தை நோக்கி ஓடுபவர் முதுகுக்குப் பின்னால்தான் செய்தி நடக்கிறது.

அப்படியானால் எதைப் படம்பிடிப்பது? இடிமழையை. அதற்குச் செஞ்சியைப் போல வாய்த்த ஊர் குறைவு. ஏப்ரல், மே கோடை மழையிலும், ஆகஸ்ட், செப்டம்பர் வெப்பச்சலன மழையிலும் ஜவ்வாது மலை, திருவண்ணாமலைப் பக்கம் பிற்பகலில் மேகம் திரளும். மேலைக்காற்று அதைக் கிழக்கே கடற்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும். கோட்டை ஊருக்கு மேற்கே. ஆகவே திண்டிவனம் சாலையில் ஊரைத் தாண்டி மேற்குப் பார்த்து நின்றால், முன்னால் ராஜகிரி, அதன் தலைக்கு மேல் கரும்பலகை போல ஏறிவரும் மேக விளிம்பு. நீங்கள் துரத்த வேண்டியதில்லை, அதுவாக உங்களிடம் வருகிறது. போனை ஸ்டாண்டில் படுக்கவாட்டில் வைத்து, வெளிச்சத்தை லாக் செய்துவிட்டு, மூன்று விநாடிக்கு ஒரு படம் எடுக்க விடுங்கள். அரை மணி நேரத்தில் 600 படம். விநாடிக்கு 25 என்று ஓட்டினால் 24 விநாடி வீடியோ. மழைத்திரை மலையை விழுங்குவது அதில் அப்படியே வரும்.

மலை உச்சிக்கு ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், ராஜகிரி சுமார் 800 அடி உயர மொட்டைப் பாறை. மின்னல் நேரத்தில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருளாக நீங்கள் நிற்பீர்கள். நாலு பக்கமும் திறந்த கல் மண்டபம் மழைக்குத்தான் ஒதுங்கிடம், மின்னலுக்கு அல்ல. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளியை எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் கேமரா கிடக்கட்டும், கட்டடத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளோ போய்விடுங்கள். பைக் பாதுகாப்பே இல்லை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி பக்கத்தில் விழும் மின்னலைக் காட்டும். போனில் அது கட்டாயம் இருக்கட்டும். கோட்டை தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. மாலையில் மூடிவிடுவார்கள், அனுமதியில்லாமல் ட்ரோன் விடக் கூடாது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டதால் கெடுபிடி கூடுமே தவிரக் குறையாது.

சட்டத்தில் நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005. அதன் 54-ஆம் பிரிவுப்படி பீதி கிளப்பும் பொய் எச்சரிக்கையைப் பரப்பினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம். "விழுப்புரம் மூழ்கப் போகிறது" என்று சிவப்பு எழுத்தில் தம்ப்நெயில் போடும் ஆசை வரும். வேண்டாம். தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் வானிலை மையத்தில் வேலை பார்த்தவரல்ல, ஆனாலும் 2015 வெள்ளத்தின்போது ஜனங்கள் அவரை நம்பினார்கள். பயப்படாதீர்கள் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் அதைச் சொன்னார். அவருக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கான மழைக் கணக்கு இருந்தது. உங்களிடம் இன்று அது இல்லை. எனவே முன்னறிவிப்பு சொல்லாதீர்கள். வானிலை மையத்தின் அறிக்கையையும் ரேடார் படத்தையும் நேரம் குறிப்பிட்டு அப்படியே காட்டுங்கள். அதற்கு மேல், உங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொரு வீடியோவிலும் தேதி, நேரம், இடம் படத்திலேயே பதிந்திருக்கட்டும். புயலுக்குப் புயல் பழைய வீடியோவைப் புதிது என்று சுற்றவிடும் கூட்டம் உங்கள் படத்தையும் விடாது.

வருமானத்தைப் பற்றி இரண்டே வரி. விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். மழை வருஷத்தில் சில மாதம்தான். கடையை மூடிவிடாதீர்கள்.

கேமரா வாங்கும் முன் மழைமானி வாங்குங்கள். சுவரிலிருந்தும் மரத்திலிருந்தும் அவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். தினமும் காலை 8.30-க்கு அளந்து எழுதுங்கள், அதுதான் வானிலை மையத்தின் நேரமும். மழை இல்லாத நாளில் 0 என்று எழுதுவதும் கணக்குத்தான். பெருமழை நாளில் சங்கராபரணி எங்கே தரைப்பாலத்தைத் தொடுகிறது, எந்த ஏரி நிரம்பி வழிகிறது என்று பாதுகாப்பான இடத்திலிருந்து படத்தோடு சொல்ல ஆரம்பித்தால், சுற்றுக் கிராமத்துக்காரர்கள் உங்கள் சேனலைத் தேடி வருவார்கள். ஓடும் தண்ணீருக்குள் மட்டும் வண்டியை இறக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன்பே மானியை வைத்துவிடுங்கள்.